ஏழாம் தாதுவும் ஹார்மோன் மாத்திரையும்: ஆண் முதுமை 'குறைபாடு' ஆன வரலாறு

பள்ளிக்கரணை, வேளச்சேரி, தாம்பரம் வட்டாரத்துப் பரிசோதனைக் கூடங்களில் நாற்பது கடந்த ஆண்களுக்கான முழு உடல் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் அளவும் இப்போது இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. சில கிலோமீட்டர் தொலைவில், தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் மூப்பைத் தள்ளும் காயகற்பம் பாடமாகப் பயிலப்படுகிறது. இவ்விரண்டும் பழமை, புதுமை என எதிரெதிரே நிற்பவை என்ற எண்ணம் பரவலானது. அந்த எண்ணத்துக்கு வரலாற்றுத் துணையாக வரலாற்றாசிரியர் டக்ளஸ் ஹேன்ஸின் ஆய்வை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதை முதலில் பார்ப்போம்.

மேற்கு இந்தியப் பத்திரிகைகளில் 1900 முதல் 1945 வரை வந்த 'ஆண்மை' மருந்து விளம்பரங்களைப் பற்றி ஹேன்ஸ் 2012இல் கட்டுரை எழுதினார். தொடக்கக்கால விளம்பரங்கள் விந்து இழப்பு பற்றிய அச்சத்தைப் பேசின. 1930களில் பெர்லினிலிருந்து வந்த ஒகாசா போன்ற உலகச் சந்தை ஹார்மோன் சரக்குகள் நுழைந்தபின் பேச்சு நவீன இல்லறத்துக்கும் மனைவியின் நிறைவுக்கும் திரும்பியது என்பது அவர் வாதத்தின் சாரம். விளம்பரங்களைச் சமூக வரலாற்றுச் சான்றாக்கிய அவரது உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் இந்த வாசிப்பில் முதியவர் காணாமல் போகிறார். கதையின் நடுவில் நிற்பவர் இளங்கணவரே.

ஹார்மோன் சரக்குகளின் மூலக்கதையோ முதுமையைப் பற்றியது. 1889இல் பாரிசில் 72 வயது உடலியங்கியலாளர் பிரௌன்-செக்கார் நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தம் உடலில் செலுத்திக்கொண்டு வலிமை திரும்பியதாக அறிவித்தார். 1920களில் ஸ்டைனாக்கின் விந்துநாளக் கட்டும் வொரொனோஃபின் குரங்குச் சுரப்பி ஒட்டும் கிழவர்களுக்கு இளமை தருவதாகவே புகழ்பெற்றன. 1935இல் டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டு அதே ஆண்டில் செயற்கையாகவும் தயாரானது. ஆகவே 1930களின் திருப்பத்தை இல்லறத்தின் திருப்பமாக மட்டும் பார்க்க என்னால் இயலவில்லை. வயதாவதே ஒரு பொருளின் பற்றாக்குறை என்ற கருத்து சந்தைக்கு வந்த காலம் அது. காலவரிசையும் அவ்வளவு சீரானதல்ல. 1938இன் தொடக்கத்தில், 76 வயதான தேசியத் தலைவர் மதன் மோகன் மாளவியா, துறவி தபசி பாபாவின் மேற்பார்வையில் ஒளிபுகாக் குடிலில் தங்கிக் காயகற்பம் மேற்கொண்டது நாடெங்கும் பேசப்பட்டது. ஹார்மோன் மாத்திரை விற்ற அதே ஆண்டுகளில்தான் இதுவும் நடந்தது.

விந்து இழப்பு பற்றிய அச்சத்துக்குத் தமிழிலும் ஆழமான வேர் உண்டு என்று மறுக்கலாம். உண்மைதான், திருமந்திரத்தின் ஏழாம் தந்திரம் விந்தை வெல்வதைப் பேசுகிறது. ஆனால் அது யோகியின் நெறி. வைத்தியர் கைக்கொண்டது உடலின் ஏழு தாதுக்களின் வரிசை: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, இறுதியில் சுக்கிலம் என்னும் விந்து. ஒன்றிலிருந்து மற்றொன்று விளைவதால், ஏழாவதை மட்டும் தனியே நிரப்ப இந்த வரிசையில் வழியில்லை. உணவு செரிப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

விந்தைத் தனியே பிரிக்காத இந்த மருத்துவப் பார்வைக்கு நான் முன்வைக்கும் கற்சான்று திருமுக்கூடலில் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்துப் பெருமாள் கோயிலில் சோழ மன்னன் வீரராசேந்திரன் (1063–1070) காலத்தில் பொறித்த இந்தக் கல்வெட்டை கே. வி. சுப்பிரமணிய ஐயர் எபிகிராபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். வீரசோழன் என்ற பெயருள்ள ஆதுலர்சாலையில் (மருத்துவமனையில்) 15 கிடக்கைகள். வைத்தியர், சல்லியக்கிரியை (அறுவை) செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள், நாவிதர் எனப் பணியாளர்கள். அவற்றோடு ஆண்டுதோறும் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். அதில் வாசா ஹரீதகி, கோமூத்ர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி எனக் கடுக்காய்க் கூட்டு மட்டும் நான்கு. இருமல், வீக்கம், மூலம் போன்றவற்றுக்கு நூல்கள் விதிப்பவை இவை. அதே கடுக்காய் காயகற்பச் சரக்குகளிலும் தலையாயது. நோய் தீர்க்கும் மருந்தும் மூப்பைத் தள்ளும் மருந்தும் ஒரே அலமாரியில் இருந்தன, இளமைக்கெனத் தனிக் கடை இல்லை என்றே இதை வாசிக்கிறேன். சான்று மெலிந்தது என்பதை அறிவேன். ஆதுலர்சாலையில் தங்கியவர்கள் மாணவர்களும் கோயில் பணியாளர்களும்; அவர்களின் வயதைக் கல் சொல்லவில்லை. ஆனாலும் வாழ்ந்த மக்களுக்காக நிறுத்து வைத்த மருந்துப் பட்டியலுக்கு, கற்பம் உண்டு நூறாண்டு வாழலாம் என்னும் சுவடிகளைவிட அதிக எடை தர வேண்டும்.

சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியும் இந்தப் பக்கமே சாய்கிறது. ஆறு மாதத்துக்கொரு வமனம், நான்கு மாதத்துக்கொரு பேதி, நான்கு நாளுக்கொரு எண்ணெய் முழுக்கு, பகலுறக்கம் தவிர்த்தல் என்று அது நாட்களை ஒழுங்குபடுத்துகிறது. புணர்ச்சிக்கும் அளவு உண்டு. ஆனால் அது விதிகளில் ஒன்று மட்டுமே. தேரையரின் காலம் முடிவாகவில்லை. ஒரே பெயரில் பலர் இருந்திருக்கலாம். எனவே இவ்விதியைத் திருமுக்கூடலுக்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்று நான் தீர்ப்பளிக்க மாட்டேன்.

இன்றைய மருத்துவமும் ஒற்றைப் பொருள் கணக்கிலிருந்து விலகி வருவது கவனிக்கத்தக்கது. ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் மாதவிடாய் நிற்பதைப்போல் சட்டென வீழ்வதில்லை. நடுவயதுக்குப் பின் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் மெல்லக் குறைகிறது. 40 முதல் 79 வயது ஐரோப்பியரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், அறிகுறியும் குறைந்த அளவும் சேர்ந்திருந்தோர் 2.1 சதவீதமே. உடற்பருமன், இரண்டாம் வகை நீரிழிவு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் உறக்கம் ஆகியவை அளவை இறக்குகின்றன. எடை குறைந்தால் பலருக்கு அது தானே ஏறுகிறது. 10 கோடிக்கும் மேற்பட்ட நீரிழிவாளர் உள்ள நாட்டில் இதை மருத்துவர் முதலில் சொல்ல வேண்டும்.

காலை வேளையில் வெவ்வேறு நாட்களில் இருமுறை எடுத்த ரத்தத்தில் அளவு குறைந்து, அறிகுறியும் இருந்தால் மட்டுமே ஹார்மோன் சிகிச்சை பொருந்தும். 2023இல் வெளியான, இதயநோய் ஆபத்துள்ள 5,200க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ட்ராவர்ஸ் ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கின்மையும் நுரையீரல் ரத்தக் கட்டியும் சற்றுக் கூடின. சிகிச்சை விந்தணு உற்பத்தியை ஒடுக்கும் என்பதால் குழந்தை வேண்டுவோர் தவிர்க்க வேண்டும். ரத்த அடர்த்தியையும் புராஸ்டேட்டையும் கண்காணிக்க வேண்டும். கடைகளில் விற்கும் நெருஞ்சில் ஆண்களில் டெஸ்டோஸ்டிரோனை உயர்த்துவதாக நிறுவப்படவில்லை. அமுக்கராவுக்குச் சிறிய ஆய்வுகள் மட்டுமே உள்ளன.

கற்பச் சுவடிகளின் கடுக்காய் எந்தப் பத்தாண்டில் 'தாது விருத்தி' லேகியப் புட்டிக்குள் புகுந்தது என்பது தீராத கேள்வியாகவே நிற்கிறது. ஹேன்ஸ் மேற்கு இந்தியாவுக்குச் செய்ததைத் தமிழ்ப் பத்திரிகை விளம்பரங்களுக்கு, வாங்குவோரின் வயதையும் கணக்கில் கொண்டு, யாரேனும் செய்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.