பூனையும் லில்லியும் ஒரே கூடத்துக்கு வந்த கதை

லில்லி பூனையைக் கொல்லும். இலையில் ஒரு கடி, முடியில் உதிர்ந்த மகரந்தத்தை நக்கிய நாக்கு, பூச்சாடித் தண்ணீரில் இரண்டு மடக்கு போதும். மூன்று நாளுக்குள் சிறுநீரகம் பழுதாகிவிடலாம். அதே பூவைத் தின்ற நாய்க்கு வாந்தியோடு போய்விடுகிறது. இந்தச் சங்கதி கால்நடை மருத்துவ இலக்கியத்தில் தெளிவாக ஏறியது 1990களின் தொடக்கத்தில்தான். மனிதர் பூனை வளர்த்துப் பல ஆயிரம் ஆண்டு. லில்லி வளர்த்ததும் நேற்றல்ல. பிறகு ஏன் இத்தனை தாமதம்? செடியில் புதிதாக நஞ்சு ஏறவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பூவும் பூனையும் தனித்தனி வழியில் வீட்டுக்குள் வந்து ஒரே கூடத்தில் சந்தித்தன. ஆபத்து பெருகியது அங்கேதான் என்பது என் வாதம். பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவோம். குளத்து அல்லியையும் ஆங்கிலத்தில் லில்லி என்கிறார்கள். நம் செங்காந்தளும் அங்கே லில்லிதான். அல்லி லில்லிக் குடும்பமே அல்ல; செங்காந்தள் கிழங்கின் கோல்சிசினும் கொடிய நஞ்சுதான், ஆனால் அது வேறு கணக்கு. இங்கே பேசுவது லிலியம் பேரினத்தை. ஒரு நாள் மட்டும் பூத்து வாடும் டே லில்லிக்கும் இதே குணம் உண்டு.

ஈஸ்டர் லில்லியை எடுத்துக்கொள்வோம். ரியூக்யூத் தீவுகளிலும் தைவானிலும் தானாக விளைந்த வெள்ளைப் பூ அது. 19ஆம் நூற்றாண்டில் பெர்முடாவில் பெரும் பயிராகி, நோய் விழுந்த பின் வியாபாரம் ஜப்பான் கைக்குப் போனது. 1919இல் லூயிஸ் ஹவுட்டன் என்பவர் ஒரு பெட்டி நிறையக் கிழங்குகளை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத் தென்கரைக்குக் கொண்டுவந்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்களுக்கு அது பொழுதுபோக்குத்தான். 1941இல் ஜப்பானோடு போர் மூண்டு அந்நாட்டுச் சரக்கு நின்றது. கிழங்கு விலை ஏறியது. கொல்லையில் லில்லி வைத்திருந்தவரெல்லாம் வியாபாரி ஆனார்கள். ‘வெள்ளைத் தங்கம்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. இன்றும் அமெரிக்கச் சந்தைக்கான கிழங்கு அநேகமாக முழுவதும் ஆரிகன்–கலிஃபோர்னியா எல்லையோரத்திலிருந்துதான் போகிறது. இதில் உள்ள வேலை நுணுக்கம் கவனிக்கத் தக்கது. ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் விழலாம். கிழங்கைக் குளிரில் வைத்து, பிறகு பசுமைக்குடிலில் வெப்பத்தைக் கூட்டியும் குறைத்தும், சரியாக அந்த வாரத்தில் மொட்டு விரியும்படி செய்கிறார்கள். தோட்டத்தில் கோடையில் பூக்கவேண்டிய செடி, குளிர் முழுதும் விலகாத நாளில் தொட்டியோடு வீட்டு மேசைமேல் ஏறியது இப்படித்தான்.

பூனை உள்ளே வந்த கதையும் ஏறக்குறைய அதே காலத்தது. அதுவரை பூனை எலி பிடிக்கும், கொல்லையில் மண் தோண்டிக் காரியத்தை முடிக்கும். வீட்டுக்குள் வைத்தவர்கள் தட்டில் மணலோ அடுப்புச் சாம்பலோ கொட்டினார்கள். நாற்றமும் கரிக் காலடியும் தாங்காது. 1947இல் மிச்சிகனில், தொழிற்சாலைகளுக்கு எண்ணெய் உறிஞ்சும் களிமண் விற்றுக்கொண்டிருந்த எட் லோ, அண்டை வீட்டுப் பெண் பூனைக்கு மணல் கேட்டபோது அந்தக் களிமண்ணைக் கொடுத்துப் பார்த்தார். ஈரத்தை உறிஞ்சியது, நாற்றத்தை அடக்கியது. ‘கிட்டி லிட்டர்’ என்று பையில் எழுதி விற்றார். வெளியே போகாமலே ஒரு பூனை ஆயுளைக் கழிக்க அது வழிசெய்தது. அப்படி அடைபட்ட பூனைக்குக் கடிக்கப் புல் கிடையாது. பச்சையாய் இருப்பது மேசைமேல் உள்ள தொட்டி ஒன்றுதான்.

முன்பும் பூனைகள் இப்படிச் செத்திருக்கும், யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதானே என்று கேட்கலாம். இதில் பாதி உண்மை. தோட்டத்தில் இலையைத் தின்றுவிட்டு மூன்றாம் நாள் எங்கோ புதருக்குள் செத்த பூனையின் சாவுக்குக் காரணம் தேடியவர் யார்? வாந்தி, சோர்வு, பிறகு சிறுநீர் நின்றுபோவது – கிழட்டுப் பூனையின் நோய் போலத்தான் தோன்றும். விலங்குகளின் நஞ்சுக்கென்றே இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆலோசனை மையம் 1978இல்தான் தொடங்கியது. ஆனால் இந்த மறுப்பும் என் பக்கமே சாய்கிறது: கவனிக்கும் கண் வந்ததும் பூனை வீட்டுக்குள் வந்த பிறகுதான்.

விலங்குக்கு நஞ்சு எதுவென்று இயல்பாகவே தெரியும் என்ற நம்பிக்கை இந்த மறுப்பைவிட வலுவானது. நம் ஊரிலும் உண்டு. ஆடு மேய்வதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. தழை தின்று வாழும் பிராணிக்கு அது ஓரளவு பொருந்தும். பூனை ஊன் உண்ணி. பல வேதிப்பொருள்களைச் சிதைக்கும் ஈரல் ஆற்றல் அதற்குக் குறைவு; அதனால்தான் ஒரு பாரசிட்டமால் மாத்திரைகூட அதைக் கொல்லும். லில்லி நஞ்சுக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த நஞ்சு எந்தப் பொருள் என்பதே இன்னும் பிடிபடவில்லை. எனினும் ரியூக்யூத் தீவுப் பூவை அண்மைக் கிழக்கின் காட்டுப் பூனையின் வழித்தோன்றல் அடையாளம் காண வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அதே அண்மைக் கிழக்கிலும் மடோனா லில்லி என்ற வெள்ளை லில்லி உண்டே என்றால், உண்மைதான். ஆனால் அது மலைச்சரிவில் நின்றது. தூங்கும் பூனையின் முதுகில் மகரந்தம் உதிரும்படி யாரும் அதைத் தலைக்கு மேலே வைக்கவில்லை.

ஊட்டிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் லிலியம் விளைந்து பொக்கேக்களில் வரும் காலம் இது. பூக்கடைக்காரர் மொட்டு விரிந்ததும் உள்ளே கைவிட்டு, பழுப்பு மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிவதைப் பார்க்கலாம். பட்டில் பட்டால் கறை போகாது என்பதற்காகச் செய்வது அது. இதழும் இலையும் தண்டும் அப்படியே கொத்தில் இருக்கின்றன.