செவியின் செல்வம் கண்ணுக்கு விருந்தான கதை

திருச்செங்கோட்டு முருகனைப் பாடிய அருணகிரிநாதர், அவனைக் கண்டு தொழ நாலாயிரம் கண்களைத் தமக்கு நான்முகன் படைக்கவில்லையே என்று ஏங்குகிறார். செவிக்குரிய பாட்டு கண்ணை வேண்டி நிற்கும் விந்தை இது. நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு இந்த உறவு புதிதன்று. 1888-இல் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, ஓவியராக வாழ்வைத் தொடங்கியவர்; 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக யாத்திரைக்கு நடைப்பாட்டு எழுதித் தந்தவரும் அவரே. ஓவியமும் பாட்டும் அங்கே ஒரே மனிதருக்குள் குடியிருந்தன. அவை ஒரு குடும்பம் முழுவதிலும் குடியேறினால் என்ன நிகழும் என்பதை அறிய, நாம் மயிலாப்பூருக்குச் செல்ல வேண்டும்.

அங்கே சுந்தரம் ஐயரின் இல்லம் இசையில் தோய்ந்திருந்தது. 1934-இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' திரைப்படத்தில் தந்தை சனகராகவும், மகன் எஸ். ராஜம் இராமனாகவும், மகள் ஜெயலட்சுமி சீதையாகவும் தோன்றினர். இளையவன் பாலச்சந்தர் இராவணன் அவையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாக வந்தான். இசையமைத்தவர் பாபநாசம் சிவன். பாட்டும் காட்சியும் கைகோத்த அந்தத் திரையில் ஒரு குடும்பமே கூடி நின்றது.

1919-இல் பிறந்த ராஜம், சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றார். அஜந்தா, சித்தன்னவாசல் சுவரோவியங்களில் தம் மனத்தைப் பறிகொடுத்தார். மறுபுறம் அம்பி தீட்சிதரிடமும் பாபநாசம் சிவனிடமும் இசை கற்றார். சங்கீத மும்மூர்த்திகளான சியாமா சாஸ்திரி 1827-இலும், முத்துசுவாமி தீட்சிதர் 1835-இலும், தியாகராசர் 1847-இலும் மறைந்தனர். புகைப்படக் கலை நம் நாட்டில் பரவுமுன்னரே சென்றுவிட்ட அவர்களுக்கு ராஜத்தின் தூரிகை உருவம் தந்தது. அவ்வுருவங்களையே நாம் சபாக்களிலும் இல்லங்களிலும் காண்கிறோம். அவர்தம் கீர்த்தனைகளைப் பாடிப் பழகிய நாவின் துணையின்றி அக்கை அவற்றைத் தீட்டியிருக்க இயலுமா?

ஏழு சுரங்களுக்கும் நிறமுண்டு என்பது பழைய இசைநூல்களின் கொள்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் 'சங்கீத ரத்னாகரம்' சட்சத்துக்குத் தாமரை நிறத்தையும், காந்தாரத்துக்குப் பொன்னிறத்தையும், மத்திமத்துக்கு வெண்மையையும், பஞ்சமத்துக்குக் கருமையையும் கூறும். அத்தகைய மரபைத் துணைக்கொண்டு ராஜம் சுரங்களை ஓவியமாக்கினார். கண்ணும் செவிக்குத் தன் கடனைத் திருப்பிச் செலுத்தியது எனலாம். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களுள் நாற்பது விவாதி இராகங்கள். அவற்றைப் பாடத் தயங்கியோர் பலர். ராஜமோ கோடீசுவர ஐயரின் எழுபத்திரண்டு மேளகர்த்தாக் கீர்த்தனைகளையும் பாடினார். எந்த வண்ணத்தையும் ஒதுக்காத ஓவிய உள்ளத்தை நாம் அதில் காண்கிறோம்.

தம்பியின் வழி வேறு. குருவின்றி வீணை கற்று, 1982-இல் பத்மபூஷண் விருது பெற்ற பாலச்சந்தர், திரைப்பட இயக்குநராகவும் விளங்கினார். 1954-இல் அவர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் ஒரு பாடலும் இல்லை. பாட்டின்றிப் படமே இல்லை என்றிருந்த காலத்தில் பாட்டை விலக்கியவர் ஓர் இசைக்கலைஞர்! ஓசையின் அருமை அறிந்தவனே மௌனத்தின் அருமையையும் அறிவான் அன்றோ?

ஒரே கூரையின் கீழ் வளர்ந்தும் தம்பி அண்ணனின் நிழலாகவில்லை. அண்ணனும் இரு கலைகளுள் ஒன்றைக் கைவிடவில்லை. இன்று நம் ஊர்களில் பிள்ளையின் கையில் வண்ணக்கோலைக் கண்டதும், 'பாட்டா, படமா, படிப்பா?' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அவசரம் பெருகியுள்ளது. ஒன்றைத் தேர்ந்துகொண்ட பிள்ளை மற்றொன்றை இழப்பதோடு, அது இதற்குத் தந்திருக்கக்கூடிய ஊட்டத்தையும் இழக்கிறது. எந்தக் கலை எந்தக் கலைக்கு உரமாகும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் எவருமிலர். பாடும் பிள்ளை வரைவதையும், வரையும் பிள்ளை பாடுவதையும் தடுக்காத பொறுமையே பெற்றோர் அளிக்கக்கூடிய முதற்கொடை.