மனப்புண் ஆற்றுவோர் நம்மிலிருந்தும் எழுக!

நந்தனத்தை அடுத்த சைதாப்பேட்டையில் பெருந்தலைவர் எம்.சி. ராஜா அவர்களின் பெயரால் கல்லூரி மாணவர் விடுதி ஒன்று நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. 2025 ஏப்ரல் 14ஆம் நாள், அண்ணல் அம்பேத்கரின் பிறந்த நாளில், அதன் புதிய கட்டடம் திறக்கப்பெற்றது. நம் குடும்பங்களின் முதற் பட்டதாரிகளுள் பலர் இத்தகைய விடுதிகளில் தங்கிப் படித்தவர்களே. அங்கு உண்ண உணவும் உறங்க இடமும் கிடைத்தன. ஆயினும் வகுப்பறையில் ஒரு சொல்லால் புண்பட்டு இரவெல்லாம் விழித்துக் கிடந்த பிள்ளை, அதனை யாரிடம் போய்ச் சொல்வது? இவ்வினாவிற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்ணலின் கண்ணீர்

இழிவு என்பது உடலைத் தொடாமலே உள்ளத்தைப் புண்படுத்துவது. 1917ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அம்பேத்கர், பரோடா அரசில் பணியேற்கச் சென்றார். தங்க இடம் தருவார் எவருமில்லை. பார்சி விடுதியொன்றில் தம் குலத்தை மறைத்துத் தங்கினார். உண்மை வெளிப்பட்டதும் தடியேந்திய கும்பல் அவரை வெளியேற்றியது. பம்பாய் செல்லும் வண்டி வரும்வரை பொதுப் பூங்காவில் பல மணி நேரம் காத்திருந்தார். பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும், அதனை நினைக்குந்தோறும் கண்ணீர் பெருகுவதாக அவரே எழுதிவைத்துள்ளார். பேரறிஞரின் நெஞ்சிலேயே ஆறாத புண், நம் பிள்ளைகளின் நெஞ்சில் எளிதில் ஆறிவிடுமோ?

இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1883இல் பிறந்த எம்.சி. ராஜா ஓர் ஆசிரியர், பாடநூல்களும் எழுதியவர். இழிவு சுமந்த பழைய பெயர்களை நீக்கி, 'ஆதி திராவிடர்' என்னும் பெயரை அரசு ஏற்க வேண்டுமென அவர் முயன்றதன் பயனாக, 1922இல் சென்னை அரசு அதனை ஏற்றது. மானத்துடன் அழைக்கப்பெறுவதும் ஒரு மருந்தே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

கறுப்பின மக்கள் காட்டிய வழி

நம்மைப் போன்றே இழிவுக்கு ஆளான அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை இங்கே நோக்குவோம். 1851ஆம் ஆண்டு சாமுவேல் கார்ட்ரைட் என்னும் வெள்ளை மருத்துவர், அடிமைகள் தப்பியோட முனைவது ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கு நோய்ப் பெயரும் சூட்டினார். விடுதலை வேட்கையே நோயாயிற்று! மருத்துவம் செய்வோர் யார் என்பதைப் பொறுத்தே நோய் எது என்பதும் முடிவாகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இந்நிலையை மாற்ற அம்மக்கள் தம்முள்ளிருந்தே அறிஞர்களை உருவாக்கினர். 1920இல் பிரான்சிஸ் சம்னர், உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதற் கறுப்பின அமெரிக்கரானார். பின்னர் ஹோவார்டு பல்கலைக்கழக உளவியல் துறைக்குத் தலைமை தாங்கி, மாணவர் பலரைப் பயிற்றுவித்தார். அங்குப் பயின்றவர்களே கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர். கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் சிறுவர் முன் வைத்து அவர்கள் ஆய்ந்தனர். கறுப்பினக் குழந்தைகளுள்ளும் பலர் வெள்ளைப் பொம்மையே நல்லது என்றனர். தன்னையே தாழ்வாக எண்ணும் நஞ்சு பிஞ்சு நெஞ்சிலும் ஏறியிருந்தது! 1946இல் இவ்விணையர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் குழந்தைகளுக்கான மனநல நிலையத்தைத் தொடங்கினர். 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது எனத் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், கென்னத் கிளார்க்கின் ஆய்வையும் சுட்டிக் காட்டியது.

1968இல் சான் பிரான்சிஸ்கோவில் கறுப்பின உளவியலாளர் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே கறுப்பின மாணவர்கள் அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டு மேடையேறி, உளவியற் கல்வியில் தம் இனத்தாருக்கு மேலும் இடம் வேண்டுமெனக் கோரினர். ஒருவர் கற்றார், பலரைக் கற்பித்தார், அவர்கள் ஒரு நாட்டின் நீதியையே அசைத்தனர். இதுவே அவ்வரலாற்றின் சாரம்.

நம் நாட்டு நிலை

நம் நகரில் மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது. 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்குகிறது. ஆனால் மருத்துவம் சென்றடையாத இடங்களில் நேர்ந்தது என்ன? 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையாயினர். 2016 சனவரியில் ஐதராபாத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவை இழந்தோம். சாதி தரும் வேதனை மனநலத்தோடு பிரிக்கவொண்ணாதது என்பதை அன்று நாடே பேசிற்று.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சாதி முதலிய வேறுபாடின்றி எவரும் மனநல மருத்துவம் பெறும் உரிமையை வழங்கியுள்ளது. ஒருவரின் சமூக நிலையைக் கொண்டு அவரை மனநோயாளர் எனத் தீர்மானிக்கலாகாது என்றும் கூறுகின்றது. கார்ட்ரைட்டின் பிழை இங்கு நிகழாதிருக்க இஃதோர் அரண். எனினும் ஏட்டிலுள்ள உரிமைக்கு உயிரூட்டுவோர் மனிதரே. சேரியின் வாழ்வறியாத ஒருவர், நம் பிள்ளையின் துயரைக் கேட்டு, "எல்லாரும் சமமே, நீ வீணாக எண்ணுகிறாய்" எனக் கூறிவிடின், புண் மேலும் ஆழமாகும். அன்புடைய மருத்துவர் எக்குலத்தாராயினும் அவர்க்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் அவர்களும் சாதியின் கொடுமையைப் பாடமாகவே பயில வேண்டும். அதனைப் பட்டறிந்தோரும் அத்துறையில் அமர வேண்டும்.

இளைஞர்களே! மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர் என்பதோடு உங்கள் கனவு நின்றுவிட வேண்டா. மனநல மருத்துவம், உளவியல், செவிலியர் பணி, சமூகப்பணி ஆகியனவும் உங்களை அழைக்கின்றன. சென்னை சமூகப்பணிக் கல்லூரி 1952 முதல் இந்நகரிலேயே உள்ளது. உள்ளம் சோரும் வேளையில் தனித்திராதீர். அரசின் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் பேசுங்கள். உதவி நாடுவது கோழைத்தனமன்று.

இருபத்தைந்து ஆண்டுகள் எழுத்தறிவித்த நம் சங்கம், இனி ஆண்டுதோறும் ஒரு மாணவரையேனும் இத்துறைக்கு அனுப்புமாக. நம்மில் ஒரு சம்னர் தோன்றினால் போதும். அவர் பலரை உருவாக்குவார். அந்நாளில், விடுதியில் விழித்துக் கிடக்கும் பிள்ளையின் கதவைத் தட்ட ஒரு கை இருக்கும்.