வீட்டுச் சுவரில் ரவிவர்மா படம்: அசலா, அச்சா?

உங்க தாத்தா வீட்டில் பழைய லட்சுமி படம் இருக்கா? அது ரவிவர்மா அச்சகத்தில் அடித்ததாக இருக்கலாம்.

ராஜா ரவிவர்மா (1848–1906) அரண்மனைகளுக்கு எண்ணெய் ஓவியம் வரைந்தவர். 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, வார்னிஷ் பூசினார்கள். கோயிலுக்குள் விடப்படாதவர்களும் சாமியை வீட்டிலேயே வைத்துக் கும்பிட முடிந்தது.

லாபம்? கடன்தான் மிஞ்சியது. சில ஆண்டுகளில் அச்சகத்தை ஜெர்மன் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கு விற்றுவிட்டார். படங்கள் தொடர்ந்து விற்றன.

கோடிகளில் ஏலம் போவது அவர் கையால் வரைந்த அசல். உங்க வீட்டுப் படம் அது இல்லை. ஆனா தூக்கிப் போட்டுடாதீங்க. அவரை வீடு வீடாகக் கொண்டுபோனது அந்தத் தாள்தான்.