பிள்ளை மடுவமும் பள்ளிக்கூட மணியும்: நம் தாய்மாரின் நாட்கள்

நூற்றாண்டு மலரில் அதிபர்களின் வரிசையும், கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளும், பரிசில் பெற்றோர் பட்டியலும் இடம்பெறுவது முறை. ஆனால் பழைய மாணவியராகிய நாம் எங்கே ஒன்றுகூடினாலும், ஹற்றனிலானாலும் நுவரெலியாவிலானாலும் கூடலூரிலானாலும் லண்டனிலானாலும், பேச்சு கடைசியில் அம்மாவிடம்தான் போய் நிற்கிறது. அவர்களிற் பெரும்பாலானோர் இப்பாடசாலை வாசலைச் சேர்க்கை நாளன்று ஒருமுறையும் பரிசளிப்பு விழாவில் மறுமுறையும் மிதித்தவர்கள். சிலர் அதற்கும் வரவில்லை. அன்றைய பேர் போய்விடும் என்பதால். பாடசாலையின் வரலாற்றில் அவர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. நாம் தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிற் பிறந்தவர்கள் ஆகையால், அத்தாய்மாரின் அன்றாட வாழ்வை மையமாக வைத்து அதை எழுதுகிறோம். பக்கத்துக் காம்பராவில் இருந்த சைவத் தாயின் நாளும் பெரும்பாலும் இதே நாள்தான்.

மலைக்கு வந்த குடும்பங்கள்

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1867இல் லூல்கந்தராவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலைகளில் நோய் தென்பட்டது; அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை மலைகளை மூடியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து வரும். ஆண்டு முழுவதும் கை வேண்டும். அக்கைகளிற் பெரும்பாலானவை பெண்களின் கைகள். இவ்வாறுதான் தனி ஆட்களின் பிழைப்பாயிருந்த மலைநாடு குடும்பங்களின் ஊராயிற்று. 1884இல் ஹற்றனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது.

கிறிஸ்தவம் தோட்டங்களுக்கு இரண்டு வழியில் வந்தது. திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சிப் பக்கங்களில் ஏற்கனவே ஞானஸ்நானம் பெற்றிருந்த குடும்பங்கள் தம் வேதத்தோடு வந்தன. அதற்கு மேலாக, 1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை வரவழைத்துத் தோட்டம் தோட்டமாக அனுப்பியது. அந்தப் பெயர் இன்று நம் காதுக்குக் கசக்கிறது. ஆயினும் அந்த உபதேசிமார் லயத்து இஸ்தோப்பில் மாலை வேளையில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. வேதாகமத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்ற ஆசையால் எழுத்துக் கூட்டப் பழகிய பெண்கள் நம் பாட்டிமாருக்குள் இருந்தார்கள். பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று லயம் கேட்டபோது அவர்கள் கையில் ஒரு பதில் இருந்தது.

ஒரு நாள்

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று. முன்னே சிறு இஸ்தோப்பு. அதற்குள் தாய், தகப்பன், பிள்ளைகள், சில வேளை மாமியாரும். அம்மா நான்கு மணிக்கு எழும்புவார். ஈர விறகை ஊதி அடுப்பு மூட்டி, தேத்தண்ணி வைத்து, பகலுக்கான ரொட்டியைத் தட்டி, சம்பல் அரைத்து, இருட்டோடு பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடிப்பார். பிறகு பிள்ளைகளை எழுப்பி முகம் கழுவி விடுவார். ஆறு மணிக்கெல்லாம் பெரட்டு. பிந்திப்போனால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை.

இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு, மழைக்குக் கம்பிளி. கங்காணி காட்டிய நிரையில் நின்று இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்க வேண்டும். பனிக்காலத்தில் நுவரெலியாப் பக்கத்து மலைகளில் விரல் மரத்துப்போகும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று இறாத்தல் கழிப்பார்கள். மாலையில் கடைசி நிறுவை முடிந்த பிறகே வீடு. வரும் வழியில் ஒரு கட்டு விறகு. வீட்டுக்கு வந்ததும் மீண்டும் அடுப்பு, துணி, பிள்ளை.

இந்த உழைப்புக்கு எழுதப்பட்ட விலையும் ஒன்று உண்டு. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதன்முதலில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டபோது, உயர் மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஆணும் பெண்ணும் சம கூலி பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மாவின் சம்பளத்தையும் அநேகமாக அப்பாதான் கை நீட்டி வாங்கினார். இதையும் ஒளிக்காமல் எழுதத்தான் வேண்டும்.

மடுவமா, பள்ளிக்கூடமா?

மேலே சொன்ன 32 சதத்தை மீண்டும் ஒருமுறை பார்ப்போம். சிறுபிள்ளையின் உழைப்புக்கு விலை போட்ட உலகத்தில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்பது அக்காசை வேண்டாமென்று விடுவது. பெண் பிள்ளை விடயத்தில் இன்னொரு இழப்பும் இருந்தது. தாய் மலைக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? மூத்த அக்காள்தான். எட்டு வயதில் இடுப்பில் தம்பியைச் சுமந்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர் நம் ஊரில்! அவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்பது தூரத்தில் கேட்கும் மணி மட்டுமே.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்ய வேண்டும் என்று 1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1920ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்ட நிர்வாகத்துக்குக் கடமை விதித்தன. கிடைத்ததோ பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஓர் அறை, கீழ் வகுப்புகள் மட்டும். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் தோட்டத்தின் கையிலேயே தனித்து நின்றன. அவை பரவலாக அரசாங்கத்திடம் வந்தது 1970களின் பிற்பகுதியிலேதான். எனவே ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமானால் பட்டணத்துக்கு நடந்தோ பஸ் ஏறியோ வர வேண்டும். பட்டணங்களில் மிஷன்மாரும் கன்னியாஸ்திரிமாரும் நடத்திய பாடசாலைகள் நம் தலைமுறைகளுக்குத் திறந்த கதவுகள்.

ஆனால் கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? வீட்டிலிருந்து விடுபட்டால்தானே வர முடியும்? அதனாற்றான் சொல்கிறோம்: நம் பாடசாலையின் வரவுப் பதிவேடு தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில்தான் எழுதப்பட்டது. மடுவம் ஒழுங்காக நடந்த தோட்டத்தில், நம்பத்தக்க ஆயா ஒருத்தி இருந்த தோட்டத்தில், அக்காள் பள்ளிக்கு வந்தாள். மடுவக் கூரை ஒழுகிய தோட்டத்தில், பிள்ளைக்குச் சளி பிடித்துவிடுமென்று தாய் பயந்த இடத்தில், அக்காள் வீட்டில் நின்றாள். 1939இல் மகப்பேற்று நன்மைகள் சட்டம் வந்தபின் பிரசவத்தின்போது சம்பளத்தில் ஒரு பகுதி தாய்க்குக் கிடைத்தது. லீவு முடிந்ததும் குழந்தை மடுவத்துக்கு. பகலில் பாலூட்டத் தாய் மலையிலிருந்து இறங்கி ஓடி வருவார், ஊட்டிவிட்டு மீண்டும் ஏறுவார். அந்த ஏற்ற இறக்கத்தை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

இன்று வைத்தியராக, ஆசிரியராக, தாதியாக, கணக்காளராக இருக்கும் நம்மிற் பலர், மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்தாமல் அனுப்பிய ஒரு தாயின் முடிவினால் உண்டானவர்கள். வீட்டில் நின்றுவிட்ட அக்காமாரின் தோளிலும் நாம் நிற்கிறோம். அவர்கள் பழைய மாணவியர் சங்கத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

ஆறு நாள் வேலைக்குப் பின் வரும் ஞாயிறு ஓய்வு நாள் என்று வேதம் சொல்கிறது. கொழுந்து மிகுந்த மாதங்களில் தோட்டம் வேறு விதமாகச் சொன்னது: கைக்காசு. ஞாயிறன்று பறிக்கும் கொழுந்துக்குக் கையில் காசு. பிள்ளைக்குச் சப்பாத்து, கொப்பி, வெள்ளைச் சீருடைத் துணி எல்லாம் அந்தக் காசில்தான் வர வேண்டும். ஆலயமா, கைக்காசா என்ற கேள்வியைத் தாய்மார் ஞாயிறுதோறும் தமக்குள் தீர்த்துக்கொண்டார்கள். சிலர் பிள்ளைகளை ஆராதனைக்கு அனுப்பிவிட்டுத் தாம் மலை ஏறினார்கள். யார் பக்தி குறைந்தவர் என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை.

போதகரோ சுவாமியாரோ மாதம் ஒருமுறை தோட்டத்துக்கு வருவது வழக்கம். மற்ற நாட்களில் வீட்டின் ஆராதனை அம்மாவின் பொறுப்பு. குப்பி விளக்கைச் சுற்றி உட்காரவைத்து, ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, ஒரு ஜெபம். வாசிக்கத் தெரியாத தாய், பள்ளிக்குப் போகும் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். நாம் பெற்ற எழுத்து வீட்டுக்குள் முதன்முதல் பயன்பட்டது அங்கேதான்.

லயத்துச் சுவர் மெல்லியது. இந்தப் பக்கத்து ஜெபம் அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்துத் தேவாரம் இந்தப் பக்கத்துக்கும் கேட்கும். தீபாவளிக்கு வந்த பலகாரத் தட்டு நத்தாருக்குத் திரும்பிப் போகும். காமன் கூத்துக்குத் தப்பு அடித்தால் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஓடிப்போய் நிற்பார்கள். மார்கழிக் குளிரில் கீத பவனி வந்தால் எல்லா இஸ்தோப்பிலும் தேத்தண்ணி தயார். கத்தோலிக்கக் குடும்பங்கள் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குக் காசு சேர்த்துப் போய் வந்தன. தாயின் தாயாகிய புனிதையிடம் நம் தாய்மார் என்ன கேட்டிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம்.

தகரப் பெட்டி

ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் நகை இருந்ததோ இல்லையோ, கடதாசிகள் இருந்தன. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத்துப் பெண்களிற் பலரும் வாக்காளர் ஆனார்கள். 1947 தேர்தலில் வாக்களித்த தாய் 1952இல் வாக்களிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் அவரை நாடற்றவர் ஆக்கின. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் பிரசாவுரிமை பெற, விவாகமானவர் ஏழு ஆண்டு, ஆகாதவர் பத்து ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். மனைவி பிள்ளைகளின் வதிவும் பார்க்கப்பட்டது. பிரசவத்துக்கென்று தாய் வீடு போய் நெடுங்காலம் தங்கிய பெண்ணால் அந்தத் தொடர் அறுந்துபோகலாம். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தும் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே கிடைத்தது.

அக்காலத்தில் ஞானஸ்நானச் சான்றிதழ் வெறும் சமயக் கடதாசியல்ல. பிள்ளை எங்கே, எப்போது பிறந்தது என்பதற்கு வீட்டிலிருந்த எழுத்துச் சாட்சிகளில் அதுவும் ஒன்று. அதைக் கறையான் தின்னாமலும் மழை நனைக்காமலும் காத்தவர் அம்மா.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். குடும்பங்களும் அவ்வாறே பிரிந்தன. தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். நம் வகுப்புத் தோழிகள் பலர் தவணை நடுவிலேயே அதில் ஏறிப் போனார்கள். நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும், மறுபடியும் தேயிலைக்குள்ளேயே அவர்களின் தாய்மார் கூடை மாட்டினார்கள்.

பின்வந்த காலம்

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. இடையில் 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சம். அரிசிப் பங்கீடு குறைந்தது, மா கிடைக்கவில்லை, தோட்டங்களில் மரணங்கள் கூடின. அந்த ஆண்டுகளில் தான் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பரிமாறிய தாய்மாரைப் பற்றி நம்மிடம் எழுதப்பட்ட பதிவு எதுவும் இல்லை. நம் ஞாபகம் மட்டுமே உண்டு. 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சிப் பிள்ளைகளைத் தேயிலைச் செடிகளுக்குள் ஒளித்து இரவைக் கழித்த குடும்பங்களும் நம்மில் உண்டு. வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியவர்களும் உண்டு. பிற்பாடு வேறொரு பிரிவு வந்தது. குவைத்துக்கும் சவூதிக்கும் லெபனானுக்கும் வீட்டு வேலைக்குப் போன இளம் தாய்மாரின் பிள்ளைகளைப் பாட்டிமார் வளர்த்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்ற சம்பளம் 2021இல்தான் வந்தது. அதற்கும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

ஒரு வேண்டுகோள்

பாடசாலைச் சேர்க்கைப் பதிவேட்டில் நம்மிற் பலரது பெயருக்கு எதிரே தகப்பனின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கின்றன. தாயின் பெயர் தோட்டத்துச் செக்ரோலிலும் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் கிடக்கிறது. செக்ரோல் புத்தகங்கள் கைமாறிக் கைமாறி அழிந்துவருகின்றன. அந்தத் தலைமுறைத் தாய்மாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, உலகின் எப்பகுதியில் வாழ்ந்தாலும் பழைய மாணவியர் ஒவ்வொருவரிடமும் கேட்கிறோம். உங்கள் தாயின் முழுப் பெயர், அவர் வேலை செய்த தோட்டம், டிவிஷன், மலை, உங்களைப் பள்ளிக்கு அனுப்ப அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதற்கு நாலு வரி, இவற்றை எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். வீட்டில் நின்ற அக்காளின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். இந்த நூற்றாண்டு ஆண்டிலேயே அவற்றைத் தனிப் பதிவேடாகக் கட்டிப் பாடசாலை நூலகத்தில் வைப்போம். இப்போது படிக்கும் பிள்ளைகள் அதைப் புரட்டும்போது தங்கள் பாட்டியின் பெயரைக் கண்டுபிடிக்கட்டும்.