உம்மு ஹாஷிமின் விளக்கு: எகிப்தியச் சிறுகதைகளில் கண்மூடிப் பின்பற்றல்

மூதாதையரை எந்த வழியில் கண்டோமோ அதுவே எங்களுக்குப் போதும் என்று கூறி நபிமார்களின் அழைப்பை மறுத்த சமூகங்களைத் திருக்குர்ஆன் பல இடங்களில் கண்டிக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 170ஆம் வசனமும், அஸ்ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 22, 23ஆம் வசனங்களும் இதற்குச் சான்றுகள். முன்னோர் சிந்தித்து அறிந்தவர்களா, நேர்வழியில் நின்றவர்களா என்று வினவாமலேயே அவர்தம் அடிச்சுவட்டில் நடப்பதுதான் அங்குக் கண்டிக்கப்படும் குற்றம்.

'தக்லீது' என்னும் சொல் ஃபிக்ஹுக் கலையில் வேறொரு பொருளையும் உடையது என்பதை நாம் மறந்துவிடலாகாது. சட்டங்களை மூலாதாரங்களிலிருந்து வகுக்கும் ஆற்றலற்ற பாமரர், தகுதி வாய்ந்த இமாம் ஒருவரைச் சார்ந்து நிற்பது அப்பொருள். நாம் இங்குப் பேச எடுத்துக்கொண்டது அதுவன்று. வழக்கம் என்பதற்காகவே ஒரு வழக்கத்தை மார்க்கத்தின் இடத்தில் அமர்த்தி, அதனால் ஓர் உயிர் வதைபட்டாலும் கேள்வி கேளாதிருக்கும் மனநிலையே நம் ஆய்வுப் பொருள். இளமையிலேயே தக்லீதின் பிணைப்பு தம்மை விட்டு அகன்றதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'அல்முன்கித் மினள்ளலால்' நூலில் பதிவு செய்துள்ளார்கள். 1899இல் எகிப்தின் முஃப்தியாக அமர்ந்த ஷைகு முஹம்மது அப்துஹு (1849–1905) அவர்களின் சீர்திருத்தப் பணியிலும் இம்மனநிலையை எதிர்ப்பது மையமான இடம் பெற்றது.

ஷைகு அவர்கள் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளில் அதே எகிப்தில் ஒரு புதிய இலக்கிய வடிவம் வேரூன்றத் தொடங்கியது. 1917இல் முஹம்மது தைமூர் எழுதிய 'ஃபில் கிதார்' (ரயிலில்) என்னும் கதையை அரபுச் சிறுகதையின் தொடக்கங்களுள் ஒன்றாக ஆய்வாளர் பலர் கொள்வர். உழவருக்குக் கல்வி தேவையா என்று ரயில் பெட்டியில் பயணிகள் வாதிடுவதே அக்கதை. உழவனைத் திருத்தச் சவுக்கே போதும் என்பார் ஒருவர். கிராமத் தலைவரும் அதற்குத் தலையசைப்பார். காலங்காலமாய் நடந்து வந்தது என்பதற்கு மேல் அவர்களிடம் வேறு சான்று இல்லை. அரபுச் சிறுகதை, பிறந்த வேளையிலேயே கண்மூடிப் பின்பற்றலோடு வழக்காடத் தொடங்கிவிட்டது எனலாம்.

இவ்வழக்கை மிக ஆழமாக நடத்தியவர் யஹ்யா ஹக்கீ (1905–1992). இவர் கெய்ரோவில் சய்யிதா ஸைனப் (ரலி) அவர்களின் பெயர் தாங்கிய பகுதியில் பிறந்தவர். சட்டம் பயின்று, 1920களின் பிற்பகுதியில் மேல் எகிப்தின் மன்ஃபலூத்தில் நிர்வாக அலுவலராக இருந்து, பின்னர் தூதரகப் பணிகளில் பல நாடுகளில் வாழ்ந்தார். 1944இல் வெளிவந்த இவரது 'கிந்தீலு உம்மி ஹாஷிம்' (உம்மு ஹாஷிமின் விளக்கு) நெடிய சிறுகதையாகவும் குறுநாவலாகவும் கொள்ளத்தக்கது. உம்மு ஹாஷிம் என்பது எகிப்தியர் சய்யிதா ஸைனப் (ரலி) அவர்களை அன்புடன் அழைக்கும் பெயர்.

கதையின் நாயகன் இஸ்மாயீல் அப்பள்ளிவாசலின் நிழலில் வளர்ந்தவன். இங்கிலாந்து சென்று ஏழாண்டுகள் கண் மருத்துவம் பயின்று திரும்புகிறான். அவனுக்கென்று நிச்சயிக்கப்பட்ட, தாய் தந்தையற்ற உறவுப்பெண் ஃபாத்திமாவுக்குக் கண்நோய். வீடு சேர்ந்த அன்றே, அவன் தாய் அவளுடைய புண்பட்ட கண்களில் பள்ளிவாசல் விளக்கின் எண்ணெயைச் சொட்டுவதைக் காண்கிறான். சினம் தலைக்கேற ஓடிச் சென்று, கைத்தடியால் அவ்விளக்கை உடைக்கிறான். மக்கள் அவனைச் சூழ்ந்து அடிக்கின்றனர். பள்ளிவாசல் பணியாளரான ஷைகு தர்தீரி அவனைக் காப்பாற்றுகிறார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் அது சீர்திருத்தப் பிரசங்கமாக நின்றிருக்கும். ஆனால் ஹக்கீ நம்மை அப்படி எளிதில் விடவில்லை. இஸ்மாயீல் தான் கற்ற முறைப்படி ஃபாத்திமாவுக்கு மருத்துவம் செய்கிறான். அவளோ எஞ்சியிருந்த பார்வையையும் இழக்கிறாள். மனமுடைந்து வீட்டைவிட்டு வெளியேறி அலைந்தவன், ரமளானில் லைலத்துல் கத்ர் இரவில் பள்ளிவாசலுக்குத் திரும்பி, ஷைகு தர்தீரியிடம் அந்த எண்ணெயைக் கேட்டுப் பெறுகிறான். பிறகு பொறுமையோடு மருத்துவத்தைத் தொடர்கிறான்; அவள் குணமடைகிறாள். அவளையே மணந்து, ஏழைகள் வாழும் பகுதியில் மருத்துவமனை திறந்து, ஒரு கிர்ஷ் மட்டுமே கட்டணமாகப் பெறுகிறான்.

இம்முடிவு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அறிவும் ஈமானும் கைகோத்தன என்று சிலர் மகிழ்ந்தனர். மூடப்பழக்கத்துக்கு ஆசிரியர் பணிந்துவிட்டார் என்று வேறு சிலர் குறைப்பட்டனர். எண்ணெய்தான் கண்ணைத் திறந்தது என்று வாசகர் கொள்ள இடமிருப்பதை நாமும் மறுப்பதற்கில்லை. விளக்கெரிக்கும் எண்ணெயை மருந்தெனக் கொள்ளும் வழக்கம் நம் கடற்கரை ஊர்களின் தர்காக்களுக்கும் புதியதன்று. ஆதலால் இவ்வையம் நமக்கு வெறும் இலக்கிய வினாவாக இராது. எனினும் கதையை ஊன்றிப் படிப்போர் ஒன்றைக் காண்பர். இறுதிவரை மருத்துவம் செய்பவன் மருத்துவனே. மாறியது அவன் மருந்தன்று, அவன் பார்வை. தன் மக்களை இழிந்தவராகக் கண்ட வரையில் அவன் கையில் இருந்ததும் ஒரு தக்லீதே. தாய் தன் முன்னோரை வினவாது பின்பற்றினாள். அவன் ஐரோப்பாவை வினவாது பின்பற்றினான். இரண்டு கண்மூடித்தனங்களுக்கும் இடையே சிக்கி இருளில் கிடந்தவள் ஓர் ஆதரவற்ற பெண்.

அப்படியாயின் மரபை எப்போதும் பரிவோடுதான் அணுக வேண்டுமா? ஹக்கீயின் மற்றொரு கதை இதற்கு விடையளிக்கிறது. 1955இல் வெளிவந்த 'திமாஉன் வதீன்' (குருதியும் களிமண்ணும்) தொகுப்பில் உள்ள 'அல்புஸ்தஜி' (தபால்காரன்) மேல் எகிப்தின் ஒரு கிராமத்தில் நிகழ்வது. சலிப்பினால் பிறர் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் தபால்காரன் ஒருவனால், கருவுற்ற ஓர் இளம்பெண்ணும் அவள் மணக்க விரும்பியவனும் தொடர்பற்றுப் போகின்றனர். குடும்ப மானத்தின் பெயரால் அவள் உயிர் பறிபோகிறது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அப்பெண் கிப்தியக் கிறித்தவக் குடும்பத்தினள் என்பது. மானக்கொலையை இஸ்லாத்தின் மீது சுமத்துவோருக்கும், அதே வழக்கத்தை மார்க்கம் என்று எண்ணி மயங்கும் முஸ்லிம்களுக்கும் இவ்வொரு கதையே மறுமொழி. மண்ணின் வழக்கம் எந்தச் சமயத்தின் ஆடையையும் உடுத்திக்கொள்ளும். இக்கதையில் உடைக்கத் தயங்க வேண்டிய விளக்கு எதுவும் இல்லை. கத்தி மட்டுமே உள்ளது. மேற்கூறிய இரு கதைகளும் 1968இல் திரைப்படங்களாக வந்து, எழுத்தறியாதாரையும் எட்டின.

மருத்துவரான யூசுஃப் இத்ரீஸ் (1927–1991) இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1958இல் வெளிவந்த அவரது 'ஹாதிஸது ஷரஃப்' (ஒரு மான விவகாரம்) கதையில் யாரும் கொல்லப்படுவதில்லை. ஐயத்துக்குள்ளான கிராமத்துப் பெண்ணின் கற்பு சோதிக்கப்படுகிறது. அவள் தூயவள் என்று தெரிகிறது. ஊர் நிம்மதி அடைகிறது. ஆனால் அச்சோதனைக்குப் பின் அவளிடம் பழைய களங்கமற்ற வெகுளித்தனம் இல்லை. அதைக் காக்கவே புறப்பட்ட வழக்கம் அதையே அழித்துவிட்டது. அவதூறு கூறி நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவருக்கு அந்நூர் அத்தியாயத்தின் 4ஆம் வசனம் எண்பது கசையடி விதிக்கிறது. இக்கதையிலோ ஐயுற்றவர் எவரும் தண்டனை பெறவில்லை, ஐயுறப்பட்டவளே பெற்றாள். மார்க்கத்துக்கும் வழக்கத்துக்கும் உள்ள தொலைவை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டுமோ?

இக்கதைகள் மூன்றையும் சேர்த்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. ஃபத்வா ஒரு வழக்கத்தின் தகுதியைச் சொல்லும், அது தேவையே. ஆனால் அவ்வழக்கம் யாருடைய கண்ணில் வலியாக இறங்குகிறது என்பதைக் கதையே காட்டுகிறது. விலை கொடுப்பவர் மூன்று கதைகளிலும் பெண்கள். வழக்கத்தை வகுத்தோர் அவர்களல்லர். நம் மத்ரஸாக்களில் அரபு இலக்கியம் என்றால் முஅல்லகாத்தும் மகாமாத்தும் என்ற அளவில் நின்றுவிடுவது இக்காரணத்தால் ஒரு குறையே. அவற்றோடு ஹக்கீயையும் இத்ரீஸையும் பயிலும் மாணவர், நாளை மிம்பரில் நின்று வழக்கங்களைப் பற்றிப் பேசும்போது, ஓங்கிய கைத்தடியோடு மட்டும் பேசமாட்டார். கத்தியைக் கண்ட இடத்தில் வாளாவிருக்கவும் மாட்டார்.