தட்டு சுற்றும் வரை பொறுங்கள்

"மலருக்கு ஏதாவது எழுதுங்க அண்ணாச்சி" என்று கேட்டார்கள். நமக்குத் தெரிந்தது கம்ப்யூட்டர் ரிப்பேர்தான். அதிலே ஒரு சின்னச் சரித்திரம் சொல்கிறேன்.

வ.உ.சி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் நம் வகுப்புத் தோழர் ஒருவர் ஆபீஸ் வைத்திருக்கிறார். கணக்கெல்லாம் லினக்ஸ் ஓடும் ஒரு குட்டிப் பெட்டியில். கெர்னல் அதன் பிளாஷ் சிப்பில்; மற்றதெல்லாம் வெளியே மாட்டிய ஹார்டு டிஸ்கில். காலையில் சுவிட்சைப் போட்டால் 'டிஸ்க் இல்லை' என்று நின்றுவிடும். உடனே ரீசெட் அழுத்தினால் ஒழுங்காக ஓடும். பார்த்தவர்கள், "டிஸ்க் போச்சு, தூக்கிப் போட்டுருங்க" என்றார்கள். ஆறு வருஷக் கணக்கு அதற்குள்ளே!

ரீசெட்டில் ஓடுகிறதே, அதுதான் துப்பு. அப்போது தட்டு ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது.

1956-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்கில் இரண்டடி விட்டத்தில் 50 தட்டுகள். நிமிடத்துக்கு 1,200 சுற்று. இப்போது 5,400, 7,200 என்று சுற்றினாலும், வேகம் பிடிக்காமல் டிஸ்க் எதையும் படிக்காது. மூன்றரை அங்குல டிஸ்குக்குப் பத்து விநாடிகூட ஆகும்.

1991-இல் லினக்ஸ் பிறந்தது பி.சி.யில். அங்கே வழக்கமாக பயாஸ்தான் டிஸ்கை எழுப்பி, அதிலிருந்து கெர்னலை எடுத்துக் கொடுக்கும். கெர்னல் கண் விழிக்கும்போது டிஸ்க் தயார். குட்டிப் பெட்டியிலோ கெர்னல் சிப்பிலிருந்து சில விநாடியில் வந்து நிற்கிறது. டிஸ்க் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இதற்கு 'ரூட்-டிலே' என்றொரு கட்டளை உண்டு: இத்தனை விநாடி பொறு என்று எண்ணிக்கை கொடுப்பது. 2007-இல் 'ரூட்-வெயிட்' வந்தது: டிஸ்க் தென்படும் வரை பொறு. நம்ம கடலுக்கு இது புதிதல்ல. இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். படகில் கயிறு பிடித்தவர் எண்ணிப் பார்த்து இழுத்ததில்லை. முங்கியவர் கயிற்றை அசைத்த பிறகே இழுத்தார்.

பூட் வரியில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். மறுநாள் காலை பெட்டி தானே எழுந்தது. முதல் வேலையாகக் கணக்கை வேறு டிஸ்கில் காப்பி எடுத்தோம்.

ஒரு எச்சரிக்கை: டிஸ்க் நிஜமாகவே செத்திருந்தால் ரூட்-வெயிட் காலமெல்லாம் காத்துக் கிடக்கும். அடாப்டரையும் பாருங்கள். கிளம்பும்போது பெரிய டிஸ்க் 12 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அடாப்டர் நோஞ்சான் என்றால் தட்டு திணறும்.

படிக்கிற தம்பி தங்கைகளே, எதையும் 'போச்சு' என்று தீர்ப்புச் சொல்லுமுன் அதற்கு எழுந்து நிற்க நேரம் கொடுத்தோமா என்று பாருங்கள். ஆறு வருஷக் கணக்கு பிழைத்தது அப்படித்தான்.